மாலத்தீவு: 200 டாலர் அறை 281 ஆவது எப்படி?

2025 ஜூலை 1 முதல் மாலத்தீவில் சுற்றுலா ஜிஎஸ்டி 16 சதவீதத்திலிருந்து 17 ஆனது. 'அதற்கு முன்பே போய்வந்திருக்க வேண்டுமோ?', '200 டாலர் என்று போட்டுவிட்டு 280 கேட்கிறார்களே, ஏமாற்றா?' என்று வாசகர்கள் தொடர்ந்து எழுதுகிறார்கள். முதல் கேள்வியை நினைத்து வருந்த வேண்டாம். 200 டாலர் அறையில் ஓர் இரவுக்குக் கூடியது 2 டாலர் 20 சென்ட்தான். இரண்டாவது கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது.

விலைக்குப் பக்கத்தில் '++' என்று சிறிதாகப் போட்டிருக்கும். முதல் கூட்டல் 10 சதவீத சேவைக் கட்டணம். 200 டாலர் 220 ஆகும். இரண்டாவது கூட்டல் ஜிஎஸ்டி. அதை 200-க்குக் கணக்கிடுவதில்லை, 220-க்குக் கணக்கிடுகிறார்கள். ஊழியர்களுக்குப் பகிர்ந்து தர வேண்டிய பணத்தின் மீதும் அரசு வரி வாங்குகிறது. 17 சதவீதம் சேர்ந்தால் 257.40. அதன் மேல் பசுமை வரி, ஆளுக்கு இரவுக்கு 12 டாலர். கணவன், மனைவி இருவருக்கும் சேர்த்து 281.40. சட்டப்படி எல்லாம் சரி. ஆனால், கட்டியே தீர வேண்டிய தொகையை விளம்பர விலையில் சேர்க்காமல் விடுவது நேர்மையான வழக்கம் இல்லை.

என்னை அதிகம் உறுத்துவது பசுமை வரி. 2015-இல் வந்த இந்த வரி, 2025 ஜனவரியில் இரட்டிப்பானது. குப்பை, கழிவுநீர், கடலரிப்பு ஆகியவற்றைச் சமாளிக்கவே இந்தப் பணம் என்கிறது அரசு. தேவை உண்மைதான், மாலே பக்கத்தில் திலஃபுஷி தீவில் பல ஆண்டுகள் குப்பையைத் திறந்தவெளியில் எரித்தார்கள். ஆனால், பெயரில் இருக்கும் பசுமை கணக்கில் இல்லை. வில்லாவில் தனி நீச்சல் குளம் உண்டா, கடல்விமானத்தில் வந்தீர்களா என்று இந்த வரி பார்ப்பதில்லை. தலையை மட்டும் எண்ணுகிறது.

2,000 டாலர் வில்லாவில் தங்கும் தம்பதி கட்டுவது 24 டாலர், வாடகையில் 1.2 சதவீதம். மாஃபுஷி போல உள்ளூர் மக்கள் வாழும் தீவில், 50 அறைகளுக்கு மேற்படாத கெஸ்ட் ஹவுஸ் என்றால் ஆளுக்கு 6 டாலர். சலுகை போலத் தெரியும். அங்கே 60 டாலர் அறையில் இரண்டு பிள்ளைகளோடு தங்கும் குடும்பம் கட்டுவதும் அதே 24 டாலர்தான். அது வாடகையில் 40 சதவீதம். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டுமே விலக்கு. ரிசார்ட் முதலாளிகளிடமே இருந்த சுற்றுலாப் பணம் தீவுக்காரர்கள் கைக்கு வந்ததே இந்தச் சிறு விடுதிகளால்தான். அவர்களுடைய விருந்தாளிகள் மீதே பாரம் கூடுதலாக விழுகிறது. வாடகையில் இவ்வளவு சதவீதம் என்று வைத்திருந்தால் இந்தக் கோளாறு வந்திருக்காது.

மற்ற கேள்விகளுக்கு வருவோம்.



விசா? இறங்கியதும் இலவசமாகத் தருவார்கள். திரும்பும் டிக்கெட்டும் தங்கும் இடத்தின் உறுதிச்சீட்டும் கையில் இருக்கட்டும்.

'ஐமூகா' என்னும் பயணிகள் அறிவிப்புப் படிவத்துக்குப் பணம் உண்டா? இல்லை, பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும், கட்டணம் கேட்கும் இணையதளம் அரசினுடையது அல்ல.

விமான நிலையத்தில் தனியாகக் கட்ட வேண்டுமா? வேண்டாம், புறப்பாட்டு வரியும் விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணமும் டிக்கெட்டிலேயே அடக்கம், எகானமியில் தலா 50 டாலர்.

இரவில் இறங்கினால் கடல்விமானம் கிடைக்குமா? கிடைக்காது, பகலில் மட்டுமே பறக்கும். மாலேயில் ஓர் இரவு தங்கும் செலவையும் கணக்கில் வையுங்கள்.

மது, இ-சிகரெட்? இரண்டையும் கொண்டுபோகக் கூடாது.