டிரான்ஸ்ஃபர் கேஸ்: பழைய ஜீப்பின் வயிற்றுக்குள் ஒரு பெட்டி

ஐப்பசி, கார்த்திகையில் மலையில் மழை பிடித்துக்கொண்டால் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் அடிவாரத்துத் தோப்புப் பாதைகள் வேறு முகம் காட்டும். நேற்றுவரை புழுதியாகக் கிடந்த ஓடை இன்று உருளைக்கல்லும் சேறுமாக இருக்கும். தேங்காயோ உரமூட்டையோ ஏற்றிய பிக்கப்பின் பின்சக்கரங்கள் இரண்டும் நின்ற இடத்திலேயே சுற்றும். முன்சக்கரங்கள் சும்மா நிற்கும். ‘இதையே ஃபோர் வீலாக மாற்றிவிட்டால் என்ன?’ என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது. பதில் தெரிய, கியர் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் ஓர் இரும்புப் பெட்டியைப் புரிந்துகொள்ள வேண்டும். அதன் பெயர் டிரான்ஸ்ஃபர் கேஸ்.

இரண்டு சக்கர ஓட்டத்தில், கியர் பாக்ஸிலிருந்து ஒரே ஒரு ஷாஃப்ட் பின்ஆக்சிலுக்குப் போகும். நான்கு சக்கர ஓட்டத்தில் இடையில் இந்தப் பெட்டி வந்து, சுழற்சியைப் பின்னுக்கும் முன்னுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. நம் ஊரில் பலரும் பார்த்த வில்லீஸ் வகை ஜீப்பில் இருப்பது ‘ஸ்பைசர் 18’ என்ற பெட்டி. அதற்கு இரண்டு கைப்பிடிகள். ஒன்று முன்ஆக்சிலைச் சேர்க்கும். மற்றொன்று ஹை, லோ என்று வேகத்தை மாற்றும்.

லோவின் பலத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். சிஜே-3பி ஜீப்பின் முதல் கியர் ஏறக்குறைய 2.8 மடங்கு, டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ 2.46 மடங்கு, ஆக்சில் 5.38 மடங்கு. மூன்றையும் பெருக்கினால் 37. எஞ்சின் 37 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. எஞ்சின் நிமிடத்துக்கு 1000 சுற்றில் ஓடும்போது வண்டி மணிக்கு நான்கு கிலோமீட்டருக்கும் குறைவாக, ஆள் நடக்கும் வேகத்தில் நகரும். ஆனால் எஞ்சினின் முறுக்குவிசை, உராய்வில் போவது போக, 37 மடங்காகச் சக்கரத்தில் வந்து நிற்கும். அவ்வளவு விசையைப் பின்ஆக்சில் தனியாகத் தாங்காது. அதனால்தான் முன்ஆக்சிலைச் சேர்க்காமல் லோ விழாதபடி அமைத்திருக்கிறார்கள்.

1947-இல் மஹிந்திரா வில்லீஸ் ஜீப்பை இந்தியச் சாலைக்குக் கொண்டுவந்தது. பிறகு சிஜே-3பி, எஃப்சி-150 என்ற மூக்கில்லாத குட்டி லாரி, டீசல் ஜீப்புகள் என்று அந்தப் பரம்பரை நீண்டது. அவற்றில் இரண்டு சக்கர ஓட்ட வண்டிகளும் ஏராளம். ஒரே அடிச்சட்டம், ஒரே தோற்றம். அதனால் ‘பழைய சாமான் கடையில் பெட்டியும் முன்ஆக்சிலும் வாங்கி மாட்டினால் ஆயிற்று’ என்ற நம்பிக்கை பரவியது. பொருத்தம் அவ்வளவு எளிதில் அமைவதில்லை.

முதலில் கியர் பாக்ஸின் வால். டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் நுழையும் ஷாஃப்ட்டின் நீளம், அதன் மேலுள்ள ஸ்ப்லைன் வரிகளின் எண்ணிக்கை, போல்ட் துளைகளின் இடம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். இரண்டு சக்கர வண்டியின் கியர் பாக்ஸில் இந்த வாலே வேறாக இருக்கும். ஸ்பைசர் 18 என்றே எழுதியிருந்தாலும் ஏமாந்துவிடக் கூடாது. அதன் நடு ஷாஃப்ட் காலப்போக்கில் முக்கால் அங்குலம், ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, ஒன்றேகால் அங்குலம் என்று மூன்று தடிமனில் வந்திருக்கிறது. ஒன்றின் கியர் மற்றொன்றில் ஏறாது. பெட்டியைத் திறக்காமல் விலை பேசுவது பணத்தைத் தொலைக்கும் வழி.

ஜிப்சியின் பெட்டியைப் பார்த்துச் சிலருக்கு ஆசை வரும். அது கியர் பாக்ஸோடு ஒட்டாமல் அடிச்சட்டத்தில் தனியாகத் தொங்குவது. இடையில் ஒரு குட்டி ஷாஃப்ட் போட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் அதன் ஹையே 1.409 மடங்கு. மணிக்கு 60 கிலோமீட்டரில் போன வண்டி, அதே எஞ்சின் வேகத்தில் 43 கிலோமீட்டருக்கு இறங்கிவிடும். மேலும் 1985-இல் 970 சிசி பெட்ரோல் எஞ்சினோடு வந்த வண்டியின் பெட்டி அது. சுமை ஏற்றும் டீசல் வண்டியின் முறுக்கை அதன் தலையில் கட்டுவது சரியில்லை.

அடுத்தது பக்கம். வில்லீஸ் பெட்டியில் முன்ஷாஃப்ட் வலப்புறமாக வெளியே வரும். முன்ஆக்சிலின் கிரவுன் உருண்டையும் வலப்புறமே இருக்கும். உருண்டை இடப்புறம் உள்ள ஆக்சிலை மாட்டினால் ஷாஃப்ட் எஞ்சினுக்கு அடியில் குறுக்கே போக வேண்டும். அப்படி ஒரு வண்டி ஓடாது.

இவை இரண்டும் கண்ணுக்குத் தெரியும் தப்புகள். மாட்டும்போதே மெக்கானிக் பிடித்துவிடுவார். வண்டியைக் கொல்வது கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது பொருத்தம்: ஆக்சில் விகிதம். கிரவுனில் 43 பல், பினியனில் 8 பல் என்றால் 5.38. இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப்பில் 39-க்கு 8, அதாவது 4.88. பின்னால் 5.38 இருக்க, முன்னால் பழைய 4.88 ஆக்சிலை மாட்டினால் என்ன ஆகும்? ஒரே சுழற்சிக்கு முன்சக்கரம் பத்து சதவீதம் அதிகம் உருளப் பார்க்கும். பின்சக்கரம் ஒரு கிலோமீட்டர் போவதற்குள் முன்சக்கரம் நூறு மீட்டர் கூடுதலாகப் போக முயலும். ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகள் வேறுவேறு நடை நடப்பது போன்ற நிலை இது. சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும்; தார்ச்சாலையில் வழுக்க வழியில்லாமல் கிராஸ் ஜாயின்ட்டோ கியர் பல்லோ உடையும். விகிதம் சரியாகவே இருந்தாலும் இந்தப் பெட்டிக்குள், முன்னுக்கும் பின்னுக்கும் வேக வித்தியாசத்தை அனுமதிக்கும் டிஃபரென்ஷியல் கிடையாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட வட்டத்தில் போவதால், காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீல் போட்டு ஓட்டக் கூடாது.

விகிதத்தை அறிய ஆக்சிலைப் பிரிக்க வேண்டியதில்லை. கியரை நியூட்ரலில் விட்டு, மற்றச் சக்கரங்களுக்கு அடை வைத்து, அந்த ஆக்சிலின் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்குங்கள். தூக்கிய சக்கரத்தைக் கையால் சரியாக இரண்டு சுற்று சுற்றினால், ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம். ஷாஃப்ட்டில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டால் எண்ணுவது சுலபம். முன்னும் பின்னும் ஒரே எண் வர வேண்டும். நான்கு டயரும் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

எல்லாம் பொருந்தினாலும் சட்டம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம்வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்க வழி உண்டு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சிக்கலும் சேரும். இரண்டு சக்கர பிக்கப்பை நான்கு சக்கரமாக்குவது இன்று என் பார்வையில் கூடாத வேலை. தேவையானவர்கள் கம்பெனியிலேயே நான்கு சக்கர ஓட்டமாக வந்த வண்டியை வாங்குவதே முறை.

ஆனால் பிறக்கும்போதே நான்கு சக்கர ஓட்டமாக வந்து, டீசல் மிச்சம் பிடிக்க முன்ஷாஃப்ட்டைக் கழற்றிப் போட்ட பழைய ஜீப் உங்கள் தோப்பில் நின்றால், அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பெட்டியைத் திறந்து நடு ஷாஃப்ட்டைப் பாருங்கள், இரு ஆக்சிலின் விகிதத்தையும் எண்ணுங்கள், அதே மாடலின் பாகத்தைத் தேடி மாட்டுங்கள். அடுத்த ஐப்பசிக்கு அது ஓடையைத் தாண்டும்.