மலையேற மறுத்த மோட்டார் வண்டி

திண்டுக்கல்லினின்று வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்கு அடிக்கடி பிரயாணஞ் செய்வோர், சமவெளியில் நன்கு விரைந்து வந்த கார் ஒன்று மலைச்சாலையில் ஏறத் தொடங்கியதும் மூச்சுத் திணறி, முகப்பில் மஞ்சள் விளக்கு எரிய, ஓரமாக ஒதுங்கி நிற்பதைக் கண்டிருப்பர். எமக்கு நெடுநாட் பழக்கமுள்ள வாடகைக் கார்க்காரர் ஒருவருக்கும் சென்ற கோடையில் இக்கதியே நேர்ந்தது. அவருடையது டர்போ பொருந்திய சிறு பெட்ரோல் வண்டி, கடன்பட்டு வாங்கியது, தவணையோ இன்னும் முடிந்தபாடில்லை. பணிமனையொன்றிற் காட்டியபொழுது, டர்போ கெட்டது, முழுவதையும் மாற்றவேண்டும் என்று கூறி, அவர் எதிர்பாராத பெருந்தொகை ஒன்றையுஞ் சொல்லிவிட்டனர். "ஐயா, இவ்வளவு பணத்துக்கு நான் எங்கே போவேன்? மெய்யாகவே டர்போதான் கெட்டதா என்று ஒருமுறை பாருங்களேன்" என்று அவர் எம்மிடம் வந்தார். அவர் பொருட்டு யாம் செய்த ஆராய்ச்சியையும், அதற்கு ஆதாரமாகிய இயந்திர நூற் செய்திகளையும் ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

டர்போ என்பது யாது? எஞ்சினை விட்டு வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சிறு சக்கரம் சுழல, அதே அச்சின் மறுமுனையிலுள்ள மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவியாம். வீணே கழியும் புகையைக்கொண்டு வேலை வாங்கும் இவ்வுபாயத்துக்கு ஸ்விட்ஸர்லாந்து தேசத்து ஆல்பிரட் பூஹி என்பார் 1905ஆம் ஆண்டில் உரிமைப் பத்திரம் பெற்றனர். 1918இல் அமெரிக்காவில் ஸான்போர்டு மாஸ் என்னும் அறிஞர், ஆகாயவிமான எஞ்சின் ஒன்றை 14,000 அடிக்கு மேற்பட்ட பைக்ஸ் சிகரத்தின் உச்சிக்குக் கொண்டுசென்று, டர்போ இன்றி அங்கே வலி குன்றிய அவ்வெஞ்சின் டர்போவுடன் இழந்த வலியை மீளப் பெறுவதை மெய்ப்பித்துக் காட்டினர். மலைக்கும் டர்போவுக்கும் உள்ள இத்தொடர்பே நம் கதைக்கும் திறவுகோலாதலின் இதனை விதந்து கூறினோம். மக்கள் ஏறிச்செல்லும் கார்களில் அது 1962இல் அமெரிக்க நாட்டிற் புகுந்தது. நம் மாகாணத்தை நோக்கின், மறைமலைநகரில் உருவான ஈகோஸ்போர்ட் வண்டியில் 2013இலும், ஒரகடத்தில் உருவான மேக்னைட் வண்டியில் 2020இலும் ஒரு லிட்டர் அளவினதாகிய டர்போ எஞ்சின் அமைந்தது. ஆதலின் இன்று நம்மூர்ச் சந்துகளிலும் இது புதுமையன்று.

அச்சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,00,000 முறை சுழலவல்லது. அழுத்தப்பட்ட காற்றுச் சூடேறுமாதலின், இன்டர்கூலர் என்னும் குளிர்விக்கும் தட்டினூடே சென்று, பின் ரப்பர்க் குழாய் வழியாக எஞ்சினை அடையும். அழுத்தம் அளவு கடந்தால் எஞ்சினுக்கு ஊறு நேரும்; அதனைத் தடுக்க வேஸ்ட்கேட் என்னும் சிறு கதவொன்று திறந்து, புகையின் ஒரு பகுதியைச் சக்கரத்திற் படாமலே வெளியேற்றிவிடும். அக்கதவை எவ்வளவு திறப்பது, எவ்வளவு மூடுவது என்பதை வண்டியிலுள்ள கணினி தீர்மானிக்கின்றது.

இனி நோய் நாடுவோம். பிழைக்குறி படிக்கும் ஸ்கேனரைப் பொருத்தியபொழுது பி 0299 என்று காட்டிற்று. இக்குறியின் பொருள், வேண்டிய அழுத்தம் கிட்டவில்லை என்பதே. டர்போ கெட்டது என்பதன்று. காய்ச்சல் உண்டு என்று வெப்பமானி சொல்லுமேயன்றி, மலேரியாவா டைபாய்டா என்று சொல்லாது. இவ்வேற்றுமையை மறந்தமையாலேயே பலருடைய பணம் பாழாகின்றது.

ஸ்கேனரின் எண்களைப் படிப்பதிலும் ஒரு மயக்கம் உண்டு. எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பினால், காற்றழுத்தச் சென்சார் திண்டுக்கல்லில் ஏறக்குறைய 98 கிலோபாஸ்கல் என்று காட்டும். அது டர்போ தந்த அழுத்தமன்று. நம்மைச் சூழ்ந்துள்ள வளிமண்டலத்தின் அழுத்தமே. ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானலில் அதே சென்சார் 79 அளவில் நிற்கும். எஞ்சினுக்கு 180 கிலோபாஸ்கல் வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். திண்டுக்கல்லில் டர்போ கூட்டவேண்டுவது 82, கொடைக்கானலிலோ 101. மேலே ஏறஏற டர்போவின் உழைப்பு மிகுகின்றது. சமவெளியில் ஒருவாறு மறைந்து கிடக்கும் சிறு கசிவு, மலையில் வெளிப்படுவதன் காரணம் இதுவே.

அடுத்துச் செய்யவேண்டுவது ஒன்று. எம் கருத்தில் தலையாயதும் அதுவே. கணினி வேண்டும் அழுத்தத்தையும் மெய்யாகக் கிடைக்கும் அழுத்தத்தையும் ஒருங்கே நோக்கல் வேண்டும். ஆள்நடமாட்டமற்ற நேர்சாலையில், வேக வரம்பைக் கடவாமல், ஒருவர் வண்டியோட்ட மற்றொருவர் எண்களைக் குறிக்கவேண்டும். இரண்டையும் ஒருவரே செய்ய முயல்வது உயிருக்குக் கேடு. வேண்டும் அழுத்தமே குறைவாயிருப்பின், கணினி தானே எஞ்சினை அடக்கி வைக்கின்றது என்பது பெறப்படும். சித்திரை வைகாசி வெயிலில் காற்று மிகச் சூடேறி, எஞ்சினில் 'நாக்கிங்' என்னும் தட்டொலி தோன்றினாலும் அங்ஙனம் அடக்கும். அது பழுதன்று. வேண்டுவது மிகுதியாயிருந்து கிடைப்பது குறைவாயின், அதுவே பழுது. எம் நண்பரின் வண்டியில் வேண்டியது 180. கிடைத்தது 140ஐத் தாண்டவில்லை. கணினியோ வேஸ்ட்கேட்டை முற்றும் மூடுமாறு ஆணையிட்டுக் காத்திருந்தது.

இந்நிலையில் ஐயத்துக்கு உரியன பல. காற்று வடிகட்டி செம்மண் புழுதியால் அடைபட்டிருக்கலாம். அதனைக் கழற்றிப் பார்த்தோம், தூய்மையாகவே இருந்தது. வேஸ்ட்கேட்டை இயக்கும் தண்டு துருவேறித் திறந்தபடியே நின்றிருக்கலாம்; கைப்பம்பினால் அழுத்தம் கொடுக்க அது தடையின்றி அசைந்து மீண்டும் நன்கு மூடிக்கொண்டது. சிறு ரப்பர்க் குழாய்களை எலி கடிப்பதும் தோட்டங்களில் வண்டி நிறுத்துவோர்க்குப் புதிதன்று. அவையும் முழுமையாகவே இருந்தன. டர்போவின் அச்சை விரலாற் பற்றி அசைத்தோம். எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதக்கும் அச்சாதலின் பக்கவாட்டிற் சிறிது ஆட்டம் இருப்பது இயல்பு. அதனைக் கண்டு அஞ்சுவோர் பலர். முன்னும் பின்னும் நகருமாயின், அல்லது சக்கரத்தின் இதழ் உறையில் உராய்ந்த வடு காணப்படுமாயின், அப்பொழுதே டர்போவின்மேற் பழி சுமத்தலாம். இங்கே அத்தகைய குறி ஒன்றுமில்லை.

அப்படியாயின் காற்று எங்கே போயிற்று? பணிமனையில் புகை செலுத்திப் பார்த்ததாகவும், எங்கும் கசிவு இல்லையென்று சொன்னதாகவும் நண்பர் கூறினார். அவர்கள் பொய் சொல்லவில்லை. அப்புகைக் கருவி மிகச் சிறிய அழுத்தத்திலேயே புகையை விடும். பெரிய அழுத்தத்தில் மட்டும் வாய்திறக்கும் பிளவு அதற்குப் புலப்படாது. ஆதலின் டர்போவின் காற்றுவாயை மூடியிட்டு அடைத்து, கிராங்கறையினின்று வரும் குழாயையும் கட்டி, காற்றடிக்கும் கருவியால் 70 கிலோபாஸ்கல் அளவுக்கு மெல்ல ஏற்றினோம். இதற்கு மேற் செல்வது தகாது. குழாய் தெறித்து முகத்திற் படும். காற்றிற் சிறிது வால்வுகளின் வழியே எஞ்சினுள் இழிவதும் இயல்பாதலின், அவ்வொலியைக் கேட்டு ஏமாறலாகாது. சோப்பு நீரைத் தெளித்துக்கொண்டே சென்றபொழுது, இன்டர்கூலருக்கு அப்பாலுள்ள ரப்பர்க் குழாயின் கிளாம்ப் அடியில், நுரை பொங்கிச் சீழ்க்கை போன்ற ஓர் ஒலி எழுந்தது. கிளாம்ப்பைக் கழற்ற, குழாயின் அடிப்புறத்தில் ஓரங்குல நீளமுள்ள பிளவு காணப்பட்டது. அழுத்தம் இல்லாதபொழுது உதடு மூடியதுபோல் மூடியிருந்து, அழுத்தம் ஏறியபொழுது திறந்துகொண்டது. குழாயின் வெளிப்புறத்தில் அவ்விடத்தில் மட்டும் எண்ணெய்ப் பசையில் புழுதி திரண்டிருந்ததை, முதலிலேயே கூர்ந்து நோக்கியிருப்போமாயின், அரைநாள் மிச்சமாயிருக்கும். இப்பிழை எம்முடையதே.

புதிய குழாயும் கிளாம்ப்பும் மதுரையினின்று மறுநாள் வந்தன. அவற்றின் விலை, டர்போவுக்குச் சொன்ன தொகையோடு ஒப்பிடவுந் தகாத அளவு சிறிது. பொருத்தியபின் பிழைக்குறியை நீக்கிவிட்டுச் சிறுமலைச் சாலையில் ஏறிப் பார்த்தோம். வேண்டியது 180, கிடைத்தது 178. கொண்டையூசி வளைவுகளில் இறங்கி ஏறி மூன்று முறை சோதித்தும் விளக்கு எரியவில்லை. ஏற்றத்தின் முடிவில் எஞ்சினை உடனே நிறுத்தாமல் ஒரு நிமிடம் ஓடவிடச் சொன்னோம். கொதிக்கும் டர்போவினுள் எண்ணெய் ஓட்டம் சட்டென்று நின்றால் அது கரிந்து படியும். நண்பர் அந்த ஒரு நிமிடமும் எஞ்சினின் ஒலியையே கேட்டுக்கொண்டு நின்றார். அன்று மாலையே பழனிக்குச் செல்லும் குடும்பம் ஒன்றை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்.