பருவமறிந்து பயிற்றுதல்

விசயதசமியன்று மூன்று வயதுப் பாலகனின் விரலைப் பற்றி அரிசியில் அகரம் எழுதுவித்து ஏடு தொடக்குகின்றோம். அஃது எழுத்துக்குச் செய்யும் வணக்கம். எழுத்துப் பயிற்சி பின்னர் வருவது. இவ்வேறுபாட்டை மறந்த பெற்றோர் சிலர், மறுநாளே பென்சிலைக் கையிற் கொடுத்து, கொப்பி நிரம்பவில்லையென்று முன்பள்ளி ஆசிரியையைக் கடியக் காண்கின்றேன்.

பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர் பருவம் அறிந்தவர். ஐந்தாம் திங்களிற் செங்கீரை, ஒன்பதாம் திங்களிற் சப்பாணி என வகுத்தனர். செங்கீரையாடும் குழந்தையைக் கைகொட்டுமாறு எவரும் அழைத்திலர்.

மூன்று வயதில் மணிக்கட்டின் எட்டுச் சிற்றெலும்புகளுட் பல இன்னும் குருத்தெலும்பாகவே உள்ளன. அவ்வயதுக்கு உரியவை கதையும் பாட்டும். செவி நிரம்பின் நாத் தானே திறக்கும். நான்காம் வயதிற் களிமண் பிசைந்தும் மணி கோத்தும் மணலிற் கோடு கீறியும் விரல் உரம் பெறும். ஐந்தில் எழுத்து எளிதாகும். 1907இல் உரோமாபுரியிற் குழந்தையர் இல்லம் தொடங்கிய மரியா மொண்டிசோரி அம்மையாரும், சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்துக்களை விரலால் தடவிப் பழகச் செய்தே பிள்ளைகளை எழுத்துக்கு ஆயத்தப்படுத்தினார்.

அச்சத்தோடு எழுதப் பழகியவன் ஏட்டையே வெறுப்பான். அவ்வாறு வெறுத்து வந்தோரை மேல்வகுப்பிற் கண்டு வருந்துபவன் யான். ஆதலின் பெற்றோரே, கொப்பியைப் புரட்டுமுன் பிள்ளை இன்று கேட்ட கதை யாதென வினவுங்கள். அதனைத் தன் சொல்லாற் கூறுமாயின், கல்வி தொடங்கிவிட்டது.