யாத்திரைக்கு முன்னே வரும் களைப்பு

பிரயாணம் செய்து களைத்தவர்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். பிரயாணம் தொடங்குவதற்கு முன்னரே களைத்துவிட்டவர்களைப் பற்றி இன்று பேச எண்ணுகிறேன். திருகோணமலைக்கு யாத்திரை வருகின்ற குடும்பங்களில் இத்தகையவர் ஒருவரேனும் இருப்பார். பெரும்பாலும் அவர் மூத்த மகளாகவோ மருமகளாகவோ இருப்பார். புகைவண்டிச் சீட்டுக்கு அலைந்தவர் அவர். தங்குமிடம் தேடியவர் அவர். பாட்டியாரின் மருந்தையும் குழந்தையின் பால்மாவையும் நினைவில் வைத்திருந்தவரும் அவரே. கோணேசப் பெருமானின் சந்நிதியில் மற்றவர்கள் கண்மூடி நிற்கும்போது, அடுத்த வண்டியை எத்தனை மணிக்குப் பிடிப்பது என்று கணக்கிட்டுக்கொண்டிருப்பவரும் அவரே.

உலக சுகாதார நிறுவனம் 2019 ஆம் ஆண்டில், வேலைப்பளுவினால் மனிதர் ஓய்ந்துபோகும் நிலையை வரையறுத்துக் கூறியது. அது தொழில் புரியும் இடத்துக்கே உரியது என்றும், வாழ்க்கையின் ஏனைய துறைகளுக்கு அதனை ஏற்றிச் சொல்லலாகாது என்றும் குறிப்பிட்டது. ஆகையால், யாத்திரை ஏற்பாட்டினால் வரும் சோர்வை அந்தப் பெயரால் அழைக்க நான் துணியமாட்டேன். ஆயினும், ஒரு குடும்பத்தின் பயணம் முழுவதையும் ஒருவரே சுமப்பது கூலியில்லாத தொழில்தானே!

திருகோணமலையின் அமைப்பே இத்தொல்லைக்கு இடங்கொடுக்கிறது. பார்க்கத் தகுந்தவையெல்லாம் ஒன்றுக்கொன்று அருகில் இருப்பனபோலத் தோன்றும். பிரடெரிக் கோட்டைக்குள்ளே சுவாமிமலையின் மீது கோணேசர் கோயில். நகரத்திலே பத்திரகாளி அம்மன் கோயில். அநுராதபுர வீதியில் ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சென்றால் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழு. வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீற்றரில் நிலாவெளிக் கடற்கரை. அதற்கு எதிரே கடலினுள் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில், 2003 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட புறாமலை. இவை போதாவென்று, சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுக்களையுடைய வெல்கம் விகாரை, தம்பலகாமத்து ஆதி கோணேசர் கோயில், வெருகல் முருகன் கோயில் என்று பட்டியல் நீளும். காகிதத்தில் எழுதினால் இவற்றிற் பெரும்பகுதி ஒரு பகலுக்குள் அடங்கிவிடும். காகிதத்துக்கு வெயில் சுடுவதில்லை.

ஏழு பேர் கொண்ட ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். கொழும்புக் கோட்டையிலிருந்து இரவு புகைவண்டியில் ஏறுகிறார்கள். விடியற்காலையில் வந்துவிடலாம் என்பது கணக்கு. கல்லோயாச் சந்தியை ஒட்டிய காட்டுப் பகுதியில் யானைகள் தண்டவாளத்தைக் கடப்பதுண்டு. அவற்றுக்காக வண்டி மெதுவாகச் செல்லவேண்டியிருக்கும். ஒரு மணி நேரம் அங்கே போய்விட்டால், காலைப் பூசை என்று எழுதியிருந்தது நண்பகலுக்குச் சரிந்துவிடும். பாதரட்சையைக் கழற்றிவிட்டு நண்பகலிற் சுடுகின்ற கல்லில் நடப்பது இளைஞருக்கே பொறுக்கமுடியாதது. எழுபது வயதுத் தாயாருக்கு எப்படி இருக்கும்? அதன்பின் கன்னியா. அங்கே குளிப்பதென்பது குளத்தில் மூழ்கி எழுவது போன்றதன்று. சிறிய கிணறுகளிலிருந்து வாளியால் மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டும். கிணற்றுக்குக் கிணறு சூடு மாறுபடும். குழந்தைகள் ஏழிலும் குளிக்காமல் வரமாட்டார்கள். ஈர உடை மாற்றி வண்டியில் ஏறுவதற்குள் நிலாவெளிக்கு ஒதுக்கிய நேரம் கரைந்துவிடுகிறது. அப்பொழுது குற்றம் யார்மீது விழுகிறது? திட்டம் போட்டவர்மீதுதான்.

நேரத்தைக் குறைத்து மதிப்பிடுவது எல்லா மனிதருக்கும் பொதுவான குணம். 1994 இல் வெளியான கனடா நாட்டு ஆய்வொன்றில், பல்கலைக்கழக மாணவர்களிடம் தங்கள் ஆய்வுக் கட்டுரையை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். சென்றவை ஏறத்தாழ 55 நாட்கள். ஒரே அறையில் இருந்து எழுதுகிறவருக்கே இப்படியென்றால், ஏழு பேரையும் பன்னிரண்டு மூட்டைகளையும் கொண்டு நகர்கிறவருக்கு எவ்வளவு சலுகை கொடுக்கவேண்டும்! நாம் நினைத்த நேரத்தோடு பாதியைக் கூட்டிக்கொள்வதே என் சொந்த வழக்கம்.

நெதர்லாந்து நாட்டிலிருந்து 2010 இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இதனிலும் சுவையானது. 1,530 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களுள் 974 பேர் விடுமுறைப் பயணம் சென்றவர்கள். புறப்படுமுன் இவர்களிடம் மகிழ்ச்சி சற்று மிகுதியாக இருந்தது. திரும்பியபின், போனவருக்கும் போகாதவருக்கும் பெரும்பாலும் வேறுபாடே காணவில்லை. மிக ஆறுதலாகப் பயணம் செய்தவர்களிடம் மட்டுமே அந்த மகிழ்ச்சி பின்னரும் சிறிது காலம் தங்கியது. பயணத்துக்கு முந்திய வாரங்கள்தாம் இன்பம் தரவல்லவை. அவ்வாரங்களையே நாம் தொலைபேசியிலும் வாட்ஸப் குழுவிலும் வாக்குவாதம் செய்து போக்கிவிடுகிறோம்.

வெளிநாடுகளிலிருந்து மூன்று வார விடுமுறையில் வருவோரின் நிலை தனியானது. போர்க்காலம் முழுவதும் காணமுடியாதிருந்த ஊர், உறவினர், கோயில் யாவற்றையும் ஒரே பயணத்தில் கண்டுவிட வேண்டுமென்று அவர்கள் துடிக்கிறார்கள். அந்தத் துடிப்பை யார்தான் குறைகூற முடியும்? ஆனால் அவர்களிடம் இருப்பது முப்பது, நாற்பது ஆண்டுக்கு முந்திய வழிக்கணக்கு. மூதூர்ப் பக்கம் தரைவழியாகப் போவதென்றால் கிண்ணியாவில் ‘பாதை’ என்று நாம் சொல்லும் மிதவைக்குக் காத்துநின்ற காலம் அவர்கள் நினைவில் இருக்கிறது. 2009 அக்டோபரில் அங்கே 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்பட்டுவிட்டது. ஆகவே, வழியும் நேரமும் பற்றிய கேள்விகளை இன்று அவ்வூரில் வசிக்கும் ஒருவரிடம் கேட்பதே முறை. ஒருவரிடம், மிஞ்சினால் இருவரிடம். பத்துப் பேரைக் கேட்டால் பத்துத் திட்டம் கிடைக்கும்.

இனி, செய்யத்தக்கது என்ன? முதலாவது, எதற்காகப் போகிறோம் என்பதைக் குடும்பத்தார் ஒன்றாக இருந்து தீர்மானித்துக்கொள்ள வேண்டும். இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் செய்த இடம் என்ற ஐதிகம் கன்னியாவுக்கு உண்டு. அதனால் இறந்தோருக்குரிய கிரியைகளை அங்கே செய்யும் வழக்கமும் உண்டு. தந்தையாரின் கடமைக்காக வருகின்ற குடும்பம் அந்நாளை அதற்கே கொடுத்துவிடுதல் நன்று. அதே நாளில் கடற்குளியலையும் சேர்த்துத் தைத்தால், துக்கத்துக்கும் இடமில்லை, உல்லாசத்துக்கும் இடமில்லை. இரண்டு நாள் கிடைத்தால் கோணேசரை விடியலிலோ மாலையிலோ தரிசிக்கலாம். கோட்டைக்குள் மான்கள் மேய்வதைக் குழந்தைகள் நின்று பார்க்கவும் நேரம் இருக்கும்.

காலமும் நமக்காகச் சிலவற்றைக் கழித்துவிடுகிறது. மார்கழி விடுமுறையில் வருவோர் வடகீழ்ப் பருவக்காற்றின் மழையையும் கொந்தளிக்கும் கடலையும் எதிர்பார்க்கவேண்டும். புறாமலையை அப்பொழுதே அழித்துவிடுங்கள். அதற்கு வைகாசி முதல் ஆவணி வரையிலான அமைதியான மாதங்களே ஏற்றவை.

முன்கூட்டியே முடிக்கவேண்டியவை புகைவண்டிச் சீட்டும் தங்குமிடமுமே. உணவு, உள்ளூர் வண்டி முதலியவற்றை வந்திறங்கியபின் பார்த்துக்கொள்ளலாம். அவற்றையும் பங்கிட்டுவிட வேண்டும்: சாப்பாட்டைத் தம்பி கவனிக்கட்டும், வண்டிக்காரருடன் மாமா பேசட்டும். தம்பி தேர்ந்த கடையிற் சாம்பாரில் உப்புக் கூடியிருந்தாலும் அக்காள் வாய்திறவாதிருக்க வேண்டும்; இல்லையேல் அந்தப் பொறுப்பு மறுவேளைக்கே அவரிடம் திரும்பிவிடும்.

திரும்பும் நாளைப் பற்றி ஒரு சொல். இரவு வண்டியில் வந்திறங்கி, முகங்கழுவிக்கொண்டு நேரே கந்தோருக்கு ஓடுகிறவர்கள் பலர். விடுமுறையில் ஒரு நாளை வீட்டுக்கென்று மிச்சம் வைத்து, ஈரத் துணிகளைக் காயப்போட்டு, நிலாவெளி மணலை உதறி, நண்பகல் வரை உறங்கலாம்.