பிள்ளையின் கேள்விக்கு நூலகத்தில் விடை தேடுவோம்

கடந்த வருடம் ஒரு மாலைப்பொழுதில், வலிகாமம் வடக்கில் மீளக்குடியேறிய கிராமம் ஒன்றுக்கு வீட்டுத் தரிசிப்புக்காகச் சென்றிருந்தேன். நான் சென்ற வீட்டின் குடும்பத் தலைவி ஓர் அக்கா. 2009ஆம் ஆண்டு இறுதிப் போரில் கணவர் காணாமற்போன பின்னர், தோட்டக் கூலி வேலை செய்தே இரண்டு பெண்பிள்ளைகளையும் வளர்த்து வந்தவர். மூத்த மகள் மணமாகி, மூன்று மாதக் குழந்தையுடன் தாய்வீட்டில் இருந்தார். இளையவள் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு மாணவி.

நான் போன நேரம் வீட்டில் ஒரே அமைதி. இளையவளின் முகம் அழுது வீங்கியிருந்தது. பாடசாலைச் செயற்றிட்டத்துக்காக "எமது கிராமத்துக் கிணற்று நீர்" என்ற தலைப்பை எடுத்திருக்கின்றாள். கடை ஒன்றிலே காசு கொடுத்து, இணையத்தில் இருந்து இருபத்தைந்து பக்கங்கள் அச்செடுத்து வந்திருக்கின்றாள். எல்லாம் வேறு ஏதோ நாட்டு ஆற்று நீரைப் பற்றியவை. ஆசிரியை வாசித்துப் பார்த்துவிட்டு, "இதில் எங்கட கிணறு எங்கே?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"மிஸ், நான் எட்டாம் வகுப்போட நிண்டனான். 95ஆம் ஆண்டு இடப்பெயர்வோட என்ர படிப்பு முடிஞ்சுது. விஞ்ஞானத்தில நான் என்னத்தைச் சொல்லிக் குடுக்கிறது? ரியூசனுக்கு விடவும் கையில காசில்லை" என்றார் அந்த அக்கா.

இந்த வார்த்தைகளை நான் எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கின்றேன். இதை வாசிக்கும் உங்களில் பலரும் சொல்லியிருப்பீர்கள். ஆனால் விஞ்ஞானம் படிக்காத தாயும் பிள்ளையின் விஞ்ஞானப் படிப்புக்கு உதவ முடியும் என்பதை அடுத்து வந்த சில வாரங்களில் அந்த வீட்டிலேயே நான் கண்டேன். அதைப் பகிர்ந்துகொள்வதற்காகவே இதை எழுதுகின்றேன்.

நான் இழந்த வாய்ப்பு

முதலில் என்னைப் பற்றிச் சில வரிகள். நான் சாதாரண தரப் பரீட்சை எழுதி, உயர்தரத்துக்குச் சென்றது 2006இல். அந்த வருடம் ஓகஸ்ட் மாதம் ஏ9 பாதை மூடப்பட்டது. அரிசியும் மண்ணெண்ணெயும் தட்டுப்பாடாக இருந்த காலத்தில் புத்தகங்களைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? விஞ்ஞானம் படிக்க வேண்டுமென்ற ஆசை இருந்தும், படிக்கும் வசதியில்லாமல் கலைப்பிரிவுக்கு மாறினேன். பின்னர் சமூகவியல் படித்துப் பட்டம் பெற்றேன். அதில் எனக்குக் குறையேதும் இல்லை. ஆனாலும் ஒரு பெண்பிள்ளை "புத்தகம் இல்லை" என்ற காரணத்துக்காக விஞ்ஞானத்தைக் கைவிடுவதை இன்னமும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடிவதில்லை.

எமது மண்ணுக்கும் நூலகத்துக்கும் உள்ள உறவு எல்லோரும் அறிந்ததே. 1933ஆம் ஆண்டு க. மு. செல்லப்பா அவர்கள் தமது வீட்டில் தொடங்கிய சிறு வாசிப்பு முயற்சியே பின்னர் யாழ்ப்பாணம் பொது நூலகமாக வளர்ந்தது. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் அவர்களின் ஆலோசனையுடன் அமைந்த கட்டடம் 1959இல் திறக்கப்பட்டது. 1981ஆம் ஆண்டு மே 31 இரவு தொடங்கி அது எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. இன்று அக்கட்டடம் மீள எழுந்து நிற்கின்றது. எனினும், நூலகம் என்றால் பத்திரிகை பார்க்கும் இடம், பரீட்சைக்குப் படிக்க மேசை கிடைக்கும் இடம் என்ற அளவோடு எம்மில் பலர் நின்றுவிடுகின்றோம். இன்றைய நூலகம் அதன் சுவர்களுக்குள் அடங்கியதல்ல. உலகெங்கும் உள்ள ஆய்வுகளைத் தேடக்கூடிய தரவுத்தளங்களும் அதன் பகுதிகளே.

தரவுத்தளம் என்றால் என்ன?

இடம்பெயர்ந்து முகாம்களில் இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு நடுவே எமது குடும்பத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பதிவேட்டில் குடும்பத் தலைவரின் பெயர், சொந்தக் கிராமம், அங்கத்தவர் தொகை, அட்டை இலக்கம் எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. இலக்கத்தைச் சொன்னால் பக்கத்தை எடுத்தார்கள்.

தரவுத்தளமும் அத்தகைய ஒரு பதிவேடுதான். ஒவ்வொரு கட்டுரைக்கும் அதை எழுதியவர், தலைப்பு, வெளிவந்த ஆண்டு, சஞ்சிகையின் பெயர், பொருள் குறிக்கும் சொற்கள், சுருக்கம் என்பன பதியப்பட்டிருக்கும். பொதுவான இணையத் தேடலில் விளம்பரமும் வதந்தியும் ஆய்வும் ஒன்றாகக் கலந்து வரும். தரவுத்தளத்தில் யார் சொன்னது, எப்போது சொன்னது என்ற விபரம் கூடவே வரும். வேறுபாடு இதுதான்.

எங்கே தேடலாம்?

அடுத்த சனிக்கிழமை அந்தத் தாயையும் மகளையும் நூலகத்துக்கு அழைத்துச் சென்றேன். "நான் வந்து என்ன செய்யிறது?" என்று தயங்கிய அக்காவை வற்புறுத்தித்தான் கூட்டிப்போனேன். நாங்கள் தேடிய ஒழுங்கில் சொல்கின்றேன்.

முதலில் பாடநூல். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பாடசாலைப் பாடநூல்கள் தமிழிலும் உள்ளன. தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் பாடத்திட்டங்களும் ஆசிரியர் வழிகாட்டிகளும் கிடைக்கின்றன. கல்வி அமைச்சின் "ஈ-தக்சலாவ" தளத்தில் வகுப்பு வாரியாகப் பாடங்கள் உள்ளன. இவை யாவும் இலவசம். அடிப்படையை இங்கே விளங்கிக்கொள்ளாமல் ஆய்வுக் கட்டுரைக்குப் போனால் பிள்ளை மிரண்டுவிடும்.

இரண்டாவது, எமது ஊர் ஆவணங்கள். 2005இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்ட "நூலகம்" என்னும் எண்ணிம நூலகத்தில் ஈழத்துத் தமிழ் நூல்களும் சஞ்சிகைகளும் பத்திரிகைகளும் பல்லாயிரக்கணக்கில் உள்ளன. யாழ்ப்பாணத்து நீர், மண், விவசாயம் பற்றிப் பழைய நூல்களில் எழுதப்பட்டவற்றை அங்கே தமிழிலேயே வாசிக்கலாம்.

மூன்றாவது, ஆய்வுக் கட்டுரைகள். இலங்கைச் சஞ்சிகைகளுக்கென "ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்" என்ற இலவசத் தளம் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்தின் இணையக் களஞ்சியத்தில் அங்கு செய்யப்பட்ட ஆய்வுகள் உள்ளன. உடல்நலம் சார்ந்த கேள்விகளுக்கு அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் "பப்மெட்" உதவும். அதில் 3 கோடியே 50 இலட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகளின் பதிவுகள் உள்ளன. எல்லாத் துறைக்கும் பொதுவாக "கூகிள் ஸ்கொலர்" உண்டு. இவற்றிலுள்ள கட்டுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. அதற்காகப் பயப்படத் தேவையில்லை. முதலில் சுருக்கத்தையும் கடைசியில் உள்ள முடிவுரையையும் வாசித்தால் போதும். போனில் உள்ள மொழிபெயர்ப்பு வசதியைப் பாவிக்கலாம். ஆனால் இலக்கங்களையும் "இல்லை" என்ற சொல்லையும் அது சில வேளைகளில் பிழையாகத் தரும். ஆகவே ஆசிரியரிடம் ஒருமுறை காட்டிச் சரிபார்க்க வேண்டும்.

எந்தச் சொல்லால் தேடுவது?

நாங்கள் முதலில் தடுக்கி விழுந்தது இந்த இடத்தில்தான். எமது பாடநூலில் உள்ள "நைத்திரேற்று" என்ற சொல்லைப் போட்டால் மிகக் குறைவாகவே வந்தது. தமிழ்நாட்டில் அதை "நைட்ரேட்" என்று எழுதுகின்றார்கள். நாங்கள் இரசாயனவியல் என்பதை அவர்கள் வேதியியல் என்பார்கள். பௌதிகவியல் அங்கே இயற்பியல். ஒட்சிசன் அங்கே ஆக்சிஜன். ஒளித்தொகுப்பு அங்கே ஒளிச்சேர்க்கை. எமது நிலக்கீழ் நீர் அங்கே நிலத்தடி நீர். ஒரு சொல்லோடு நின்றால் மற்றப் பக்கத்தில் உள்ளவை எல்லாம் தவறிப்போகும். எனவே இரண்டு தமிழ்ச் சொற்களையும் ஆங்கிலச் சொல்லையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு தேட வேண்டும். கூடவே ஊரின் பெயரையும் போட வேண்டும்.

ஊர்ப் பெயரைப் போட்டும் கட்டுரைகள் ஒரேயடியாக வந்து குவிந்தன. மகள் திகைத்துப்போனாள். அப்போது அக்கா மெதுவாகக் கேட்டார்: "எங்கட கிணத்துக்குப் பக்கத்தில வெங்காயத் தோட்டமெல்லோ? யூரியா கொட்டுறவை. மலகூடக் குழியும் கிட்டத்தான். அதையும் போட்டுப் பாத்தால் என்ன?"

போட்டுப் பார்த்தோம். உரம், விவசாயம், மலகூடக் குழி என்ற சொற்களைச் சேர்த்ததும் எமது கேள்விக்குப் பொருத்தமான கட்டுரைகள் முன்னுக்கு வந்தன. எட்டாம் வகுப்போடு நின்றவர் என்று தம்மைச் சொன்ன அந்தத் தாய்க்குத்தான் தேடவேண்டிய சொல் தெரிந்திருந்தது!

ஒரு தாயின் கேள்வி

வாசித்ததில் நாங்கள் அறிந்தவை இவை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லின் இடுக்குகளில் தேங்கும் மழைநீரே எமது கிணறுகளுக்கு ஊற்று. நிலத்தில் இடும் உரமும் மலகூடக் குழியின் கழிவும் அந்த இடுக்குகள் வழியே இலகுவாக நீரைச் சென்றடையும். வலிகாமத்தின் விவசாயப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவு அதிகமாக இருந்ததை ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பதே உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டும் வரம்பு.

அப்போது அக்கா இன்னொரு கேள்வி கேட்டார். "கொதிக்க வைச்சால் போயிடும்தானே? பேரப்பிள்ளைக்கு நாங்கள் கொதிச்ச தண்ணியிலதான் பால்மா கரைக்கிறம்."

எனக்கு விடை தெரியவில்லை. மகள் தேடினாள். கொதிக்க வைத்தால் கிருமிகள் அழியும், ஆனால் நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாகி வற்றுவதால் அதன் செறிவு சற்றுக் கூடவும் செய்யும் என்று இருந்தது. குளோரீன் இட்டாலும் அது நீங்காது. ஆறு மாதத்துக்குக் குறைந்த, புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம். நைத்திரேற்று உடலில் மாற்றமடைந்து, இரத்தம் ஒட்சிசனைக் காவும் ஆற்றலைக் குறைக்கின்றது. அதனால் குழந்தையின் தோல் நீலம் பாரிக்கும். அந்த வரிகளை மகள் தமிழில் சொல்லச் சொல்ல அக்காவின் முகம் மாறியது.

மறுநாளே குடும்ப நல உத்தியோகத்தரிடம் கதைத்தோம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலம் கிணற்று நீரைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். வந்த முடிவு 50ஐத் தாண்டியிருந்தது. குழந்தைக்குத் தாய்ப்பாலைக் கூட்டுவதற்கு மூத்தவளுக்கு ஆலோசனை வழங்கப்பட்டது. குழந்தைக்கான நீரும் இப்போது வேறு இடத்திலிருந்து எடுக்கப்படுகின்றது. குழந்தை நலமாக இருக்கின்றது. இளையவளின் செயற்றிட்டத்தில் இம்முறை அவர்களுடைய கிணறு இருந்தது, அதன் அளவும் இருந்தது. ஆசிரியை அதை வகுப்பிலே வாசித்துக் காட்டினாராம்.

தாய்மார் கேட்க வேண்டியவை

சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய்க் கழிவு கலந்த பிரச்சினை 2014, 2015ஆம் ஆண்டுகளில் பெரிதாக எழுந்தபோது, எத்தனை விதமான கதைகள் உலாவின என்பது நினைவிருக்கும். எதை நம்புவது, எதை விடுவது என்று தெரியாமல் தவித்தோம். ஆகவே பிள்ளை எந்தத் தகவலைக் கொண்டு வந்தாலும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு.

1. இதைச் சொன்னது யார்? ஆய்வாளரா, பொருள் விற்பவரா?
2. எந்த ஆண்டு சொன்னது?
3. எந்த ஊரைப் பற்றியது? எமது இடத்துக்குப் பொருந்துமா?
4. வேறொருவரும் இதையே சொல்கின்றாரா?

இன்று பிள்ளைகள் போனில் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்டே விடை எழுதுகின்றார்கள். அவை சில வேளைகளில் இல்லாத கட்டுரைகளையும் இருப்பதாகச் சொல்லும். சொன்ன கட்டுரை தரவுத்தளத்தில் உண்மையில் இருக்கின்றதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கட்டுரைக்குக் காசு கேட்டால் கட்ட வேண்டாம். அதே கட்டுரை வேறு இடத்தில் இலவசமாக இருக்கலாம். நூலகரிடம் கேளுங்கள். வழிகாட்டுவது அவர்களுடைய பணி. கேட்பதில் வெட்கமில்லை. எடுத்தவற்றின் தலைப்பு, எழுதியவர், ஆண்டு ஆகியவற்றைக் கொப்பியில் எழுதி வைக்கச் செய்யுங்கள்.

தமிழில் விஞ்ஞானம் எமக்குப் புதியதல்ல. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன், மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கியவர். "கெமிஸ்தம்" என்ற இரசாயன நூல் 1875இலேயே தமிழில் வெளிவந்தது. அவ்வாறான மண்ணில் பிறந்த எமது பெண்பிள்ளைகள், வறுமையினாலும் போரினாலும் விஞ்ஞானத்தை விட்டு விலகக்கூடாது.

பாதுகாப்பு, பஸ் செலவு, வீட்டு வேலை என்று பிள்ளையைத் தனியே நூலகத்துக்கு அனுப்பத் தயங்கும் காரணங்கள் எனக்குத் தெரியும். மாதத்தில் ஒருநாள் நீங்களும் கூடப் போங்கள். அயலில் உள்ள இரண்டு மூன்று தாய்மார் சேர்ந்து போகலாம். பிரதேச சபை நூலகம் பக்கத்தில் இருந்தால் அங்கிருந்தே தொடங்கலாம்.

அந்த அக்கா அண்மையில் என்னைச் சந்தித்தபோது சொன்னார்: "மிஸ், இப்ப நானும் நூலகத்தில அங்கத்தவர். வெங்காயத்துக்கு உரத்தைக் குறைக்கிறது எப்பிடியெண்டு தேடித் தரச்சொல்லி மகளிட்டைக் கேட்டிருக்கிறன்."