அடி தட்டும் காரும் வாசல் கால்வாயும்

கர்ரக் என்று ஒரு சத்தம். சென்னை பேசின் பிரிட்ஜ் பக்கத்துச் சந்துகளில் குடியிருப்பவர்களுக்கு எட்டிப் பார்க்காமலே தெரியும்: யாரோ வீட்டுக்குள் காரை ஏற்றுகிறார்கள், அடி தட்டிவிட்டது. சாதாரண ஹேட்ச்பேக் காருக்கே தரையிலிருந்து 16 சென்டிமீட்டர்தான் இடைவெளி. ஆசைப்பட்டு செகண்ட் ஹேண்டில் வாங்கும் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் 12 சென்டிமீட்டர் இருந்தாலே பெரிது. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 கார்கள் தரையோடு தரையாக ஓடின. அந்த 3.5 கிலோமீட்டர் ஓடுபாதையையும் அதற்கென்றே செப்பனிட்டார்கள். கூப்பிடு தூரத்தில் இருக்கும் நம் தெருவுக்கு அந்த யோகம் இல்லை.

அடி தட்டினால் நாம் செய்வது என்ன? மேஸ்திரியைக் கூப்பிட்டு, கேட்டுக்கு வெளியே ஒரு சிமெண்ட் சரிவு போடச் சொல்கிறோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு அங்குலம்கூட உங்களுடையது அல்ல. நடைபாதையும் மழைநீர் வடிகாலும் மாநகராட்சியின் சொத்து. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டப்படி, தெருவை ஆக்கிரமிக்கும் கட்டுமானத்தை மாநகராட்சி அகற்றலாம். எல்லோரும்தான் போட்டிருக்கிறார்கள் என்ற வாதம் ஜேசிபி முன்னால் எடுபடாது.

இது வெறும் சட்டப் பேச்சும் இல்லை. ஓட்டேரி நல்லா பக்கிங்காம் கால்வாயில் வந்து சேரும் பகுதி இது. தரை தட்டையானது, தண்ணீர் ஏற்கெனவே தயங்கித் தயங்கித்தான் நகரும். உங்கள் சரிவு வடிகாலின் வாயை மூடினால் தெருத் தண்ணீர் உள்ளே இறங்காது. மேன்ஹோல் மூடிமேல் போட்டுவிட்டால் மழைக்கு முன் தூர் வாரவும் முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் முட்டளவுத் தண்ணீரில் நிற்பதற்கு உங்கள் இரண்டு மூட்டை சிமெண்டும் ஒரு காரணமாகிவிடும்.

நடப்பவர்களும் இருக்கிறார்கள். நல்ல நடைபாதை அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்னது. ஒவ்வொரு கேட்டுக்கும் ஒரு மேடு, ஒரு பள்ளம் என்று இருந்தால் சக்கர நாற்காலிக்காரர் நடுரோட்டில் லாரியோடுதான் போக வேண்டும். துறைமுக லாரிகள் ஓடும் பகுதி இது என்பதை நினைவில் வையுங்கள்.

சரி, வாசலுக்கும் சாலைக்கும் இந்த ஏற்றத்தாழ்வு எப்படி வந்தது? பெரும்பாலும் குற்றவாளி நீங்கள் அல்ல. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுச் சாலை வளர்ந்தது. அன்று மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு இன்று இறங்கிப் போகிறோம். சாலை மட்டம் உயராதபடி பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிது போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு உத்தரவிட்டார். இது உங்கள் கையில் இருக்கும் நல்ல ஆயுதம். சாலை வேலை வரப்போகிறது என்று தெரிந்தவுடன் காம்பவுண்டுச் சுவரில் சாலை மட்டத்துக்கு நேராக பெயின்டால் ஒரு கோடு போட்டு, அளவுகோலோடு படம் எடுத்து வையுங்கள். சுரண்டாமல் போட ஆரம்பித்தால் அன்றைக்கே மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் புகார் செய்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். தார் காய்ந்த பிறகு போனால் யாரும் கேட்க மாட்டார்கள். பதில் இல்லையென்றால் 1100 என்ற முதல்வர் உதவி எண் இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்த வேலையின் எஸ்டிமேட்டையும் எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தின் நகலையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். சுரண்டியதாகப் பணம் எடுத்திருக்கிறார்களா என்பது அந்த எம்-புக்கில்தான் தெரியும்.

இனி கார். பம்பர் உரசினால் பெயின்டோடு போகும். ஆயில் சேம்பர் அடிபட்டால் கதை வேறு. கீழே எண்ணெய் சொட்டினால் இன்ஜினை அணைத்துவிட்டு, தள்ளிக்கொண்டோ கட்டி இழுத்தோ போங்கள். சொட்டச் சொட்ட ஓட்டி இன்ஜின் பிடித்துக்கொண்டால், அது அடிபட்டதால் வந்ததல்ல, நீங்கள் ஓட்டியதால் வந்தது என்று காப்பீட்டு நிறுவனம் கைகழுவும். சர்வேயர் பார்க்கும்முன் எதையும் கழற்றாதீர்கள். நியாயமில்லாமல் க்ளெய்மை மறுத்தால், ஒரு வருடத்துக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

கெத்துக்காக ஸ்பிரிங்கை வெட்டிக் காரை இன்னும் தாழ்த்தும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு.

வெளியே சரிவு போடக் கூடாது என்றால் வண்டியை எப்படி உள்ளே கொண்டுபோவது? சரிவைக் கேட்டுக்கு உள்ளே போடுங்கள். கணக்கு எளிது. முன், பின் சக்கரங்களுக்கு நடுவே இரண்டரை மீட்டர், தரை இடைவெளி 12 சென்டிமீட்டர் என்றால், அந்த வண்டி தாங்கும் உச்சி வளைவு சுமார் 11 டிகிரி. ஒரு அடி உயரத்துக்கு ஐந்து அடி நீளச் சரிவு போட்டால் 11 டிகிரியைத் தாண்டிவிடும், வயிறு உரசும். எட்டு அடி நீளம் கொடுத்தால் 7 டிகிரிதான். சரிவின் தொடக்கத்திலும் முடிவிலும் இன்னும் மென்மையாக வளைத்து விடச் சொல்லுங்கள். மூக்கு உரசுவது பெரும்பாலும் தொடக்கத்தில்தான். கேட்டலாக்கில் இருக்கும் இடைவெளி பெரும்பாலும் வெறும் வண்டியில் அளந்தது, நான்கு பேர் ஏறினால் குறையும். அதனால் வாங்கும்முன் டெஸ்ட் டிரைவ் வண்டியை ஷோரூமைச் சுற்றி ஓட்டாமல், ஆட்களை ஏற்றி உங்கள் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து பாருங்கள்.

உள்ளே சரிவு போட இடமே இல்லாத வீடுகளும் இங்கே நிறைய. அவர்கள் காரைக் குறுக்காக விட்டு, ஒவ்வொரு சக்கரமாக ஏற்ற வேண்டும், ஆட்களை இறக்கிவிட்டு. அதுவும் போதாதென்றால் எடுத்து வைக்கக்கூடிய பலகையோ இரும்புத் தகடோ போதும். ஏற்றி முடித்த கையோடு தகட்டை உள்ளே இழுத்துவிடுங்கள். வெளியே விட்டுத் தூங்கினால், காலையில் அதைக் காயலான் கடையில்தான் தேட வேண்டியிருக்கும்.