கரை தெரியாத படையெடுப்பு

1914 அக்டோபர் 16ஆம் தேதி மும்பையிலிருந்து துருப்புக் கப்பல்கள் வரிசையாகக் கிளம்பின. சுமார் 8,000 பேர் கொண்ட அந்தப் படைக்கு இந்தியப் பயணப்படை ‘பி’ என்று பெயர். மேஜர் ஜெனரல் ஆர்தர் எய்ட்கன் அதன் தளபதி. ஜெர்மனியின் வசமிருந்த கிழக்கு ஆப்பிரிக்காவில், இன்றைய தான்சானியாவின் வடகிழக்கு மூலையில் உள்ள தாங்கா துறைமுகத்தைப் பிடித்து, அங்கிருந்து ரயில் பாதையை ஒட்டி கிளிமஞ்சாரோ மலையடிவாரம் வரை முன்னேறுவது திட்டம்.

அந்தக் கப்பல்களில் பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய ஒரு படைப்பிரிவும் இருந்தது: 63ஆம் பாளையங்கோட்டை காலாட்படை. மதராஸ் ராணுவத்தின் வழிவந்த 61ஆம் பயனியர் படையும் உடன் சென்றது. இவர்களோடு காஷ்மீர், குவாலியர் சமஸ்தானப் படைகள், ராஜபுத்திரப் படை, லங்காஷயரைச் சேர்ந்த ஆங்கிலேயப் படை என்று ஒன்றோடொன்று சேர்ந்து ஒருநாளும் பயிற்சி செய்திராத பல பிரிவுகள். பலருடைய கையில் இருந்த துப்பாக்கி அப்போதுதான் கொடுக்கப்பட்ட புது ரகம். இயந்திரத் துப்பாக்கிகளும் அப்படியே.

திட்டம் காகிதத்தில் எளிதாகத் தெரிந்தது. தாங்காவில் அப்போது இருந்த ஜெர்மானியக் காவல் மிகச் சிறியது. நவம்பர் 2ஆம் தேதி கப்பல்கள் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்றபோதே இறங்கியிருந்தால், ஊர் அன்றே வீழ்ந்திருக்கக்கூடும். ஆனால் பிரிட்டிஷ் கடற்படை அதற்கு முன்பு அந்தத் துறைமுகத்தோடு ஒரு சமாதான ஏற்பாடு செய்திருந்தது. சொல்லாமல் தாக்குவது முறையல்ல என்று கருதிய ‘ஃபாக்ஸ்’ போர்க்கப்பலின் தலைவர் கரைக்குப் போய், ஏற்பாடு முடிந்துவிட்டது, ஊரை ஒப்படையுங்கள் என்று அறிவித்தார். ஜெர்மானிய அதிகாரி பேசிப் பேசி நேரத்தைக் கடத்தினார். பிறகு, துறைமுகத்தில் கண்ணிவெடிகள் இருக்குமோ என்ற சந்தேகம் வந்தது. கடலைத் துழாவிப் பார்க்க மேலும் பல மணி நேரம் போயிற்று. கண்ணிவெடி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

அந்த நேரம் போதுமானதாக இருந்தது. ஜெர்மானியத் தளபதி பவுல் ஃபான் லெட்டோ-ஃபோர்பெக், கிளிமஞ்சாரோ பக்கம் இருந்த தன் வீரர்களை ரயிலில் ஏற்றித் தாங்காவுக்கு அனுப்பத் தொடங்கினார். இந்தியாவிலிருந்து படை வருகிறது என்ற செய்தி அவருக்கு முன்பே எட்டியிருந்தது. கடலில் வரும் பெரும்படையை ரகசியமாக வைத்திருப்பது எக்காலத்திலும் கடினம். இத்தனை கப்பலும் சரக்கும் ஒரு துறைமுகத்தில் வந்து குவிந்தால் ஊர் பேசாமல் இருக்குமா?

நவம்பர் 2 இரவு, ஊருக்குக் கிழக்கே ராஸ் கசோனே என்ற முனையில் அலையாத்திக் காட்டுக்கு நடுவே வீரர்கள் இறக்கப்பட்டார்கள். அந்தக் கரையை முன்கூட்டி யாரும் போய்ப் பார்த்திருக்கவில்லை. வாரக்கணக்கில் நெரிசலான கப்பலில் அடைபட்டு, கடல் குமட்டலில் துவண்டவர்கள் அவர்கள். வழியில் மொம்பாசாவில் இறக்கி இளைப்பாற விடலாம் என்று சொல்லப்பட்ட யோசனையை எய்ட்கன் ஏற்கவில்லை. ஆப்பிரிக்கப் புதர்க்காட்டில் சண்டையிட்டுப் பழகிய உள்ளூர்ப் படையைத் துணைக்குத் தருகிறோம் என்றார்கள். அதையும் மறுத்துவிட்டார்.

மறுநாள் காலை ராஜபுத்திரரும் பயனியர்களும் முன்னேறி, அடிபட்டுப் பின்வாங்கினார்கள். அன்றிரவு லெட்டோ-ஃபோர்பெக் சைக்கிளில் ஊருக்குள் வந்து நிலைமையை நேரிலேயே பார்த்துக்கொண்டார் என்று அவருடைய நினைவுக்குறிப்பு சொல்கிறது. எதிரியின் முகாமை ஒரு தளபதி சைக்கிளில் அளந்துகொண்டிருந்தபோது, அவரைவிடப் பல மடங்கு பெரிய படைக்குத் தலைமை தாங்கியவர் முன்னே இருந்த ரப்பர் தோட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கக்கூட ஆளனுப்பவில்லை.

நவம்பர் 4 நண்பகல், வெயில் உச்சியில் இருந்தபோது பெருந்தாக்குதல் தொடங்கியது. ஆளுயரப் பயிரும் தோட்டமும் மறைத்ததில் பக்கத்துப் படை எங்கே இருக்கிறது என்று எவருக்கும் தெரியவில்லை. சுமார் 1,000 பேர் எதிரே காத்திருந்தார்கள். இயந்திரத் துப்பாக்கிகள் முழங்கியதும் பாளையங்கோட்டைப் படை கலைந்து கரையை நோக்கி ஓடியது. குண்டுச் சத்தத்தில் மரக்கிளைகளில் இருந்த தேன்கூடுகள் கலைந்து, தேனீக்கள் இரு தரப்பையும் துரத்தித் துரத்திக் கொட்டின. 98ஆம் காலாட்படை அதில் சிதறியே போனது. காஷ்மீர் வீரர்களும் லங்காஷயர் படையினரும் ஊருக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள். பின்னால் வர வேண்டியவர்கள் வராததால், பிடித்த தெருக்களை விட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. படையோடு வந்த மலைப் பீரங்கிகள் கரைக்கு இறக்கப்படவே இல்லை. கப்பல் தளத்தில் நின்றபடியே சுட்டன.

நவம்பர் 5ஆம் தேதி எல்லோரும் மீண்டும் கப்பலேறினார்கள். பிரிட்டிஷ் தரப்பில் 800க்கும் மேற்பட்டோர் இறந்தோ காயமுற்றோ போயினர். நூற்றுக்கணக்கான துப்பாக்கிகளும் லட்சக்கணக்கான தோட்டாக்களும் கரையிலேயே கிடந்தன. அவற்றை எடுத்துக்கொண்ட ஜெர்மானியப் படை, அதன்பின் நான்கு ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. தோல்விச் செய்தியை லண்டன் அரசு மாதக்கணக்கில் வெளியே விடவில்லை. எய்ட்கன் பதவி இறக்கப்பட்டார்.

பாளையங்கோட்டைப் படைக்கு ‘ஓடிய படை’ என்ற பெயர் பிரிட்டிஷாரின் போர் வரலாறுகளில் நிலைத்துவிட்டது. அந்தப் பெயர் நியாயமானதல்ல. புதுத் துப்பாக்கியோடு, அறியாத கரையில், உச்சி வெயிலில், எதிரில் யார் இருக்கிறார்கள் என்றே சொல்லப்படாமல் தள்ளிவிடப்பட்ட மனிதர்கள் அவர்கள். கலைந்ததற்கு முன்னால் நடந்த ஒவ்வொரு தவறும் கப்பலின் மேல்தளத்தில் முடிவு செய்யப்பட்டது.

தரைப் போரில் தோற்ற படை பின்வாங்கி, அடுத்த ஊரில் மீண்டும் அணிதிரளலாம். கடல்வழி இறங்கும் படைக்கு முதுகுப் பக்கம் தண்ணீர் மட்டும்தான். முதல் சில மணி நேரத்தில் கரையில் ஒரு பிடி நிலம் கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்தது. உணவு, தோட்டா, மருந்து, குடிநீர் எல்லாம் படகில் வந்தாக வேண்டும். கரையில் முதலில் தேவைப்படுவதைக் கப்பலில் கடைசியாக ஏற்ற வேண்டும். பீரங்கி அடியிலும் மாவு மூட்டை மேலேயும் போய்விட்டால் அந்தப் பீரங்கியால் பயனில்லை. இதோடு காற்று, அலை, நிலவொளி, கடலின் ஏற்ற வற்றம் ஆகியவையும் ஒத்துவர வேண்டும். இவற்றில் எதுவும் தளபதியின் கையில் இல்லை.

1942 ஆகஸ்டில் பிரான்சின் தியப் கடற்கரையில், கூழாங்கற்கள் சக்கரப் பட்டைகளில் சிக்கி டாங்கிகள் நின்றன. அங்கே ஒரே காலையில் 900க்கும் அதிகமான கனடா வீரர்கள் உயிரிழந்தார்கள். 1943 நவம்பரில் பசிபிக் கடலின் தராவாத் தீவில் எதிர்பார்த்த அளவு தண்ணீர் ஏறவில்லை. படகுகள் பவளப்பாறையில் தட்டி நிற்க, அமெரிக்க வீரர்கள் இடுப்பளவு, மார்பளவு நீரில் குண்டுமழைக்கு நடுவே நடந்தே கரை சேர வேண்டியிருந்தது. வெற்றிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் நார்மண்டிப் படையெடுப்புகூட, 1944 ஜூன் 5ஆம் தேதி நடக்க வேண்டியது, மோசமான வானிலையால் ஒருநாள் தள்ளிப்போடப்பட்டது. தோற்றால் வெளியிடுவதற்கென்று ஜெனரல் ஐசன்ஹோவர் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார். பழி முழுவதும் தன்னுடையது என்று அதில் இருந்தது. தாங்காவில் ஓடியவர்களுக்கு அப்படி எழுதிக்கொடுக்க எவரும் இல்லை.

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் இருப்பவர் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் புதுச்சேரி வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். இத்தனை உள்ளே இருக்கும் ஊர்கள்தான் பாதுகாப்பானவை என்று மதராஸ் நகரம் ஒரு காலத்தில் நம்பியது. 1942 ஏப்ரல் 5ஆம் தேதி ஜப்பானியக் கடற்படை விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. 9ஆம் தேதி திருகோணமலை தாக்கப்பட்டது. மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹெர்மிஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. அடுத்து மதராஸ்தான் என்று எல்லோருக்கும் தோன்றியது. படையேற்றிய கப்பல்கள் வருகின்றன என்ற தகவலும் பரவியது. அவசியமில்லாதவர்கள் நகரை விட்டு வெளியேறலாம் என்று அரசு அறிவித்ததும், ரயிலிலும் மாட்டுவண்டியிலும் ஜனங்கள் உள்நாட்டை நோக்கிக் கிளம்பினார்கள். அரசு அலுவலகங்கள் ஊட்டி, சித்தூர், மதனப்பள்ளி என்று சிதறின. உயர் நீதிமன்றம் கோவைக்குப் போனது. கூண்டு உடைந்தால் ஆபத்து என்று உயிரியல் பூங்காவின் சிங்கம், புலிகளை மலபார் சிறப்புக் காவல் படையினர் சுட்டுக் கொன்றார்கள்.

அப்படி ஒரு படை வரவே இல்லை. ஜப்பானியத் தளபதி நகுமோவின் கப்பற்படை அதற்குள் கிழக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. இலங்கையைப் பிடிக்க வேண்டும் என்று ஜப்பானியக் கடற்படையில் ஒரு திட்டம் இருந்தது உண்மை. ஆனால் சீனாவில் சிக்கியிருந்த தரைப்படை அதற்கு ஆள் தர மறுத்துவிட்டது. டோக்கியோவில் நடந்த இந்த வாக்குவாதம் மதராஸில் எவருக்கும் தெரிய வழியில்லை. கடல்வழிப் படையெடுப்பின் நிச்சயமின்மை இரண்டு கரையையும் ஆட்டுகிறது. வருகிறவருக்கு எங்கே இறங்குவது என்று தெரியாது. காத்திருப்பவருக்கு வருகிறார்களா என்றே தெரியாது. 

தென்னிந்தியாவில் ஜப்பானியர் இறங்கினால் எதிர்க்க வேண்டும் என்பதற்காகவே 1942 ஆகஸ்டில் 25ஆம் இந்திய டிவிஷன் உருவாக்கப்பட்டது. பிற்பாடு அந்தப் படையே கடல்வழி இறங்கும் படையாக மாறியது. 1945 ஜனவரி 3ஆம் தேதி பர்மாவின் அக்யாப் தீவில் அது இறங்கியபோது ஜப்பானியர் ஏற்கெனவே போய்விட்டிருந்தார்கள். பெருங்குண்டுவீச்சு ஏற்பாடாகியிருந்தது. தீவு காலி என்று கடைசி நேரத்தில் தெரியவந்ததால் அது நிறுத்தப்பட்டது. ஒன்பது நாள் கழித்து மியேபோனில் இறங்கியபோது எதிரியும் இருந்தான், முழங்கால் புதையும் சேறும் இருந்தது.

மலேயாவை மீட்கும் திட்டம் இதைவிடப் பெரியது. லட்சம் பேர் அளவிலான படை தயாரானது. 1945 ஆகஸ்ட் 15ஆம் தேதி ஜப்பான் சரணடைந்த பிறகும் திட்டம் நிறுத்தப்படாமல், செப்டம்பர் 9ஆம் தேதி சிலாங்கூரின் மோரிப் கடற்கரையில் 25ஆம் டிவிஷன் இறங்கியது. விமானப் படங்களில் கெட்டியாகத் தெரிந்த மணலுக்கு அடியில் உளைச் சேறு. லாரிகளும் ஜீப்புகளும் வரிசையாகப் புதைந்தன. ஏறி வந்த கடல் சில வண்டிகளை முழுதாக மூடியது. எதிரில் ஒரு இயந்திரத் துப்பாக்கி இருந்திருந்தாலும் அந்தக் கரை பிணக்காடாகியிருக்கும்.

மோரிப்புக்குப் பின்னால் இருந்தவை ரப்பர் தோட்டங்கள். அவற்றின் லயங்களில் வாழ்ந்தவர்கள் தமிழர்கள். ஜப்பானியர் அமைத்த சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு ஆண்கள் திரும்பாத வீடுகள் அங்கே ஏராளம். சண்டை நடந்திருந்தால் அது அவர்கள் வாசலில்தான் நடந்திருக்கும். படையெடுப்புத் திட்டங்களைப் பற்றி எழுதும்போது கரைக்கு அப்பால் யார் குடியிருந்தார்கள் என்பது பெரும்பாலும் ஒரு வரியாகக்கூட வருவதில்லை. வர வேண்டும்.

சுதந்திர இந்தியாவும் இந்தச் சோதனையிலிருந்து தப்பவில்லை. 1971 டிசம்பரில், வங்காளதேசப் போரின் கடைசி நாட்களில், பர்மாவுக்குத் தப்பிச் செல்லும் பாகிஸ்தான் வீரர்களை மறிப்பதற்காக காக்ஸ் பஜாருக்குத் தெற்கே உக்கியா கரையில் கூர்க்கா வீரர்களை இறக்க முடிவானது. மலைநாட்டுக்காரர்கள். கடலில் இறங்கிப் பயிற்சி இல்லாதவர்கள். கல்கத்தாவில் ‘விஸ்வ விஜய்’ என்ற சரக்குக் கப்பலில் ஏறி, நடுக்கடலில் ‘கரியால்’, ‘குல்தார்’ என்ற தரையிறங்கு கப்பல்களுக்கு மாறினார்கள். கரைக்குச் சற்று முன்னால் மணல்திட்டும், அதற்கும் கரைக்கும் நடுவே ஆழமான பள்ளமும் இருந்தது அளந்து வைக்கப்படவில்லை. மூட்டை முடிச்சோடு இறங்கியவர்களில் சிலர் அந்தப் பள்ளத்தில் மூழ்கி இறந்தார்கள். மீதிப் பேரை உள்ளூர்க்காரர்களின் நாட்டுப் படகுகள்தான் கரை சேர்த்தன. எதிர்ப்பதற்கு அங்கே ஒருவரும் இல்லை.